நான் தொடவே இல்லை

பட்டனை அழுத்தி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மெஷினின் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தமில்லை, ஒரே ஒரு அடி. என் ஷூவுக்கு அடியில் தரை உதறியது. உடைந்த கட்டரின் துண்டு ஒன்று பறந்து வந்து கதவுக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக விரிசல் விட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவப்புப் பட்டனை அடித்து மெஷினை நிறுத்தியது நானில்லை, பக்கத்து மெஷின்காரர்.

"அடி எதுவும் படலையே?" என்று அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பட்டிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது. கதவைத் திறந்தோம். உள்ளே நாலு கிளாம்ப் போட்டு இறுக்கிவைத்திருந்த பம்ப்பின் வெளிக்கூடான ஹவுசிங், காலையில் வைத்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மூன்றாவது கிளாம்ப்பில்தான் கட்டர் நேராகப் போய் முட்டியிருக்கிறது. விரல் தடிமன் போல்ட் வளைந்துபோயிருந்தது. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் லேசாகச் சாய்ந்திருந்தது. அது சாய்ந்தால் மெஷினின் முதுகெலும்பு போனதாக அர்த்தம்.

பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் ஸ்கிரீன் இன்னும் பச்சையாக இருந்தது. 'மோதல் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபிறகுதான் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

பத்தொன்பது வருஷம் மில்லிங் மெஷின் முன்னால் நின்றவன் நான். கட்டர் உடைத்திருக்கிறேன், அளவைத் தவறவிட்டிருக்கிறேன், ஒருமுறை முதலாளியின் சட்டையில் ஆயிலைத் தெறிக்கவிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மெஷினை மோதவிட்டதில்லை. பழைய கம்பெனியில் என் பட்டப்பெயர் மைக்ரான். மயிரிழை வித்தியாசம் வந்தாலும் ஊரைக் கூட்டுவேன் என்று கிண்டலுக்கு வைத்த பெயர். நான் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பெனி ஒரு நாள் காலையில் கேட்டைத் திறக்கவில்லை. ஏழு மாசம் வீட்டில் இருந்தேன். கை சும்மா இருக்கத் தெரியாதவன் ஏழு மாசம் வீட்டில் இருந்தால் மிக்ஸியைக்கூடக் கழற்றி மாட்டுவான். இரண்டு தடவை கழற்றினேன். மூன்றாவது தடவை என் மனைவி அதைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. மூன்று மாசம் பார்ப்பார்கள், திருப்தியாக இருந்தால் நிரந்தரம். மோதல் நடந்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்பது வாரம் முடிந்திருந்தது.

இங்கே மெஷின் எனக்குப் புதிதில்லை. இரும்பு எங்கே போனாலும் இரும்புதான். புதிதாக இருந்தது அந்தச் சாஃப்ட்வேர். கேம் சாஃப்ட்வேர் என்பார்கள். பொருளின் படத்தைக் கொடுத்தால், கட்டர் எந்த வழியாகப் போய் எங்கே வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு மெஷினுக்குச் சொல்லும். என் மகள் இதைக் கேட்டுவிட்டு, "எங்கப்பா புது ஆபீஸ்ல கேம் ஆடறாரு" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

பழைய இடத்துச் சாஃப்ட்வேர் கறுப்பு ஸ்கிரீன், எல்லாம் கீபோர்டிலேயே. நாம் சொன்னால்தான் செய்யும். இது அப்படியில்லை. நான் ஒரு பக்கத்தைத் தொட்டால் போதும், வழியெல்லாம் தானே போட்டுக்கொண்டு, 'சரியா?' என்று கேட்டது. முதல் நாள் அதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அரை நாள் உட்கார்ந்து எழுதுவதை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டது. அதோடு ஸ்கிரீன் முழுக்கப் பொம்மை பொம்மையாகப் பட்டன்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

எனக்குக் கைகொடுத்தது அங்கிருந்த புரோகிராமர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் ரூமில் ஏசி குளிர் என்று எந்நேரமும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். புரோகிராம் எல்லாம் அவள்தான் போடுவாள். மெஷினில் நிற்பவர்கள் திறந்து சரிபார்த்து மெஷினுக்கு அனுப்ப வேண்டும். பத்து நாள் தன் சாப்பாட்டு நேரத்தில் பாதியை எனக்காகச் செலவழித்தாள்.

"அண்ணா, அது கடிக்காது. தைரியமா கிளிக் பண்ணுங்க."

"கடிக்கலம்மா. கேள்வி கேட்டே கொல்லுது. பொண்ணு பாக்கப் போனப்போ என் மாமியார்கூட இவ்ளோ கேள்வி கேக்கல."

சிரித்தாள். "அதுக்காக எல்லாத்துக்கும் 'யெஸ்' போட்டுடாதீங்க. படிச்சிட்டுப் போடுங்க."

கிளாம்ப் விஷயத்தையும் அவள்தான் விளக்கினாள். மெஷினில் நாம் எங்கெங்கே கிளாம்ப் போடுகிறோமோ, அதையெல்லாம் படத்திலும் வரைந்துவைப்பாள். ஒவ்வொரு கிளாம்ப்புக்கும் ஒரு வரி, வரியின் ஆரம்பத்தில் ஒரு டிக். டிக் இருந்தால் கட்டர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை அப்படி ஒரு கிளாம்ப் உலகத்திலேயே கிடையாது.

பழைய இடத்தில் எந்தப் புது புரோகிராமையும் முதலில் காற்றில் ஓட்டுவோம். கட்டரை ஒரு சாண் மேலே தூக்கிவைத்து, ஒரு கையைச் சிவப்புப் பட்டனிலேயே வைத்துக்கொண்டு, எதையும் வெட்டாமல் ஒரு சுற்று. இங்கே இரண்டாவது வாரம் நான் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து பின்னால் நின்றார். சத்தம் போட்டுப் பேசாத மனுஷர், அதனாலேயே பயமாக இருக்கும். "இங்க அதெல்லாம் வேணாம். ஸ்கிரீன்ல பச்சை வந்தா ஓட்டிடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வேலைக்கு வந்தவன், வாயை மூடிக்கொண்டேன்.

மோதல் நடந்து அரைமணி நேரத்தில் அவர் ரூமில் நாங்கள் மூன்று பேர். மேனேஜர் மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"மூணாவது கிளாம்ப்புக்கு டிக் இல்ல."

இல்லை. ஒன்று, இரண்டு, நாலு ஆகிய வரிகளில் இருந்தது. மூன்றாவது வரி மட்டும் மொட்டையாக நின்றது. கீழே, ஃபைலைக் கடைசியாகச் சேமித்தது யார் என்று இருந்தது. காலை பத்து நாற்பது, புரோகிராமரின் பெயர்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கென்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு எழுதிக்கொடுத்து ஒன்பது வாரமாகியும் வரவில்லை. கேட்டால், "இன்னைக்கு வந்துடும்" என்பார்கள். அதுவரைக்கும் என் மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டர் அவள் பெயரிலேயே திறந்து கிடக்கும். யார் என்ன செய்தாலும் அவள் பெயர்தான் விழும். மேனேஜருக்கும் அது தெரியும், அதனால் என்னிடமும் கேட்டார்.

"நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் தொடவே இல்ல சார். திறந்தேன், பாத்தேன், அனுப்பினேன். அவ்ளோதான்."

"நிச்சயமா?"

"என் பொண்ணு மேல சத்தியமா."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நாலுக்கும் டிக் போட்டேன் சார். பத்தரைக்கு மேல நானும் அந்த ஃபைலைத் திறந்தேன், பேரு ஒண்ணு மாத்த வேண்டியிருந்தது. ஆனா டிக் இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

அங்கேதான் என் வாய் நீண்டது. "நெனைக்கிறீங்களா? பத்தொன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். நான் நெனைக்கறதில்ல, எனக்குத் தெரியும். எதைத் தொட்டேன், எதைத் தொடலன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஏசி ரூம்ல உக்காந்து படம் போடறவங்களுக்கு என்ன, அங்க மெஷின் முன்னாடி நிக்கிறவன் தலைதானே போகும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

மெஷினைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஆள் வர வேண்டும், குறைந்தது இரண்டு வாரம் ஆகும் என்றார் மேனேஜர். தலைமை அலுவலகத்தில் காரணம் கேட்கிறார்கள். திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் யாருடைய தவறு என்று எழுத்தில் போக வேண்டும். "யார் தப்போ அவங்களுக்கு வேலை இருக்காது" என்று, மழை வரும்போலிருக்கு என்பதைப்போலச் சொன்னார்.

அடுத்த மூன்று நாள் எல்லோரும் என்னைத் தாங்கினார்கள். கட்டர் துண்டு கண்ணாடியைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. புரோகிராமர் சாப்பிட கேன்டீன் பக்கமே வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படி வருவாள் என்று நான்கூடச் சொன்னேன். அதையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பெயரும் பாஸ்வேர்டும் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. என் மெஷின் படுத்துவிட்டதால் வேறொரு சின்ன மெஷினில் போட்டார்கள். ஒரு பிராக்கெட், அதற்கும் நாலு கிளாம்ப். என் பெயரிலேயே ஃபைலைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை பட்ட சூடு, விடுவேனா? கிளாம்ப்பை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தேன். வரியைக் கிளிக் செய்தால் படத்தில் அந்தக் கிளாம்ப் ஆரஞ்சாக ஒளிரும். இரண்டு, மூன்று, நாலு, கடைசியாக எதிரே இருந்த முதல் கிளாம்ப். டிக் நாலும் சரியாக இருந்தது. திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

என் கண்ணெதிரே முதல் கிளாம்ப் காணாமல் போனது.

ஒளிர்ந்துகொண்டிருந்தது, அடுத்த நொடி இல்லை. வரியைப் பார்த்தேன். டிக்கும் இல்லை. சாஃப்ட்வேர் தானாகவே டிக்கை எடுக்கிறது. அடப்பாவி, அப்படியானால் தவறு அவளுடையதும் இல்லை. யாருமே செய்யவில்லை, இந்தச் சனியன்தான் செய்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மேனேஜரைக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மறுபடி உட்கார்ந்து டிக் போட்டேன். கிளாம்ப் வந்தது. கிளிக் செய்தேன், ஒளிர்ந்தது, பார்த்தேன். மறுபடி போனது.

மூன்றாவது தடவை ஸ்கிரீனைப் பார்க்காமல் ஏனோ என் கையைப் பார்த்தேன்.

இடது கைக் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் மேல் இருந்தது. அப்போதுதான் அழுத்திவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

பழைய சாஃப்ட்வேரில் கட்டர் போகும் வழியெல்லாம் கோடு கோடாகப் பொருளை மூடிவிடும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கோடுகள் மறைந்து பொருள் சுத்தமாகத் தெரியும். ஒன்றைப் பார்த்து முடித்ததும் ஒரு தட்டு. அங்கே எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம். கண் சிமிட்டுவதை யார் எண்ணுகிறார்கள்? அங்கே அதனால் ஒரு கெடுதலும் இல்லை, படம் துடைக்கப்படும், அவ்வளவுதான். இங்கே ஸ்பேஸ் பாரைத் தட்டினால், எந்த வரியில் நிற்கிறோமோ அந்த வரியின் டிக் போய்விடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க எனக்கு ஞாபகம் வந்தது, ஒன்றுவிடாமல். மூன்றாவது கிளாம்ப் பம்ப் ஹவுசிங்குக்குப் பின்னால் இருந்தது, அதனால் அதைக் கடைசியாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் தட்டியிருக்கிறேன். ஹவுசிங் மறைத்துக்கொண்டிருந்ததால் அது போனது கண்ணில் படவில்லை. அனுப்பு என்றதும் சாஃப்ட்வேர் என்னமோ கேட்டது. வெளியே போகலாமா என்று கேட்கிறது என நினைத்துக்கொண்டு, படிக்காமல் 'யெஸ்' போட்டேன். அது கேட்டது, மாற்றத்தைச் சேமித்து வழியைத் திரும்பப் போடட்டுமா என்று. மூன்றாவது கிளாம்ப் இல்லாத உலகத்தில் அது குறுக்குவழி போட்டுக்கொண்டது. பச்சையும் காட்டியது. நான் அன்றைக்கு அத்தனை கவனமாகப் பார்க்காமல் இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

நாற்காலியில் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மெஷின்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். வரவில்லை என்று தலையாட்டினேன். என் கட்டைவிரலைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன், அது இன்னும் எதையாவது செய்துவிடும் என்கிற மாதிரி.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். மகளின் யூனிஃபார்மை மடியில் வைத்தபடியே கேட்டாள்.

"சத்தியம் பண்ணினீங்கன்னீங்களே, யார் மேல?"

சொன்னேன்.

யூனிஃபார்மைக் கீழே வைத்தாள். "பெத்த பொண்ணு மேலயா?"

"பொய்ச்சத்தியம் இல்லடி. எனக்குத் தெரியாது. நிஜமா தெரியாது."

"தெரியாததை எதுக்கு சத்தியம் பண்ணணும்?"

யூனிஃபார்மைத் திரும்ப எடுத்து மடித்துக்கொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. கம்ப்யூட்டர்ல அந்தப் பொண்ணு பேருதான் இருக்கு."

"அப்ப சும்மா இருங்க."

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கடையில் மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் இவள். "ஏழு மாசம் நீங்க ஜன்னல்கிட்டயே நின்னதை நான்தான் பாத்தேன். மறுபடி என்னால பாக்க முடியாது. சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னுடன் பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தான் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றாள். சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசுன்னீங்க?" என்றாள். சொன்னேன். "என் தங்கச்சி வயசு" என்று சொல்லி, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கே மேனேஜர் ரூம் வாசலில் நின்றேன். அவர் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சார், அந்த டிக்கை எடுத்தது நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காருங்க. அவங்க மேல பரிதாபப்பட்டு நீங்க ஏத்துக்க வேண்டியதில்ல."

"பரிதாபம் இல்ல சார். என் கட்டைவிரல்தான்."

அவருக்குப் புரியவில்லை. டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எப்படியும் இனிமே அது தேவையில்ல. அவங்களே வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துட்டாங்க. நான் கேக்கக்கூட இல்ல."

அவள் கையெழுத்து. எனக்கு விளக்கப் படம் போட்டுக் காட்டும்போது பார்த்த அதே குண்டு குண்டான எழுத்து. 'ஃபைலில் பெயர் மாற்றியபோது மூன்றாவது கிளாம்ப்பின் டிக்கை நான்தான் தவறுதலாக எடுத்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. ஆனால் வேறு யாரும் அதைத் தொடவில்லை என்பதால் பொறுப்பு என்னுடையது.' கீழே கையெழுத்து, தேதி.

இடி விழுந்த மாதிரி இருந்தது. மோதல் சத்தம்கூட என்னை இப்படி அடிக்கவில்லை. வேறு யாரும் தொடவில்லை. அது என் வாய் வார்த்தை. என் வார்த்தையை எடுத்து அவள் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினொரு மணிக்கு இது மேல போகுது. விஷயம் முடிஞ்சுடும்" என்றார் மேனேஜர். குரலில் மிரட்டல் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். "உங்க மூணு மாசமும் சீக்கிரம் முடியப்போகுது. உங்களுக்கும் குடும்பம் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

யோசித்தேன். ஒரு நொடி என்று சொன்னால் பொய். நன்றாகவே யோசித்தேன். ஜன்னலும், பூட்டிய அலமாரியும் கண்ணுக்குள் வந்து போயின. பிறகு எழுந்துபோய், "கொஞ்சம் நகர்றீங்களா சார்" என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அந்த பம்ப் ஃபைலைத் திறந்தேன். மூன்றாவது வரிக்கு டிக் போட்டு, படத்தைத் திருப்பி, கிளாம்ப் தெரிகிற மாதிரி வைத்தேன். கிளிக் செய்தேன். தட்டினேன். கிளாம்ப் போனது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "திரும்பப் பண்ணுங்க."

செய்தேன்.

"இப்ப தெரிஞ்சு பண்றீங்க. அன்னைக்கும் இப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"வாங்க சார், என் பக்கத்துல நின்னு கால் மணி நேரம் பாருங்க. நான் பாட்டுக்கு வேலை பாக்கறேன்."

பார்த்தார். கால் மணி நேரத்தில் நான் ஏழு தடவை தட்டினேன். நாலுதான் எனக்குத் தெரியும், மூன்றை அவர்தான் சொன்னார். எதைத் தொட்டேன் எதைத் தொடலன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்று மார்தட்டியவன் நான்.

அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்வெட்டரோடு வந்து வாசலிலேயே நின்றாள். வேலையை விட்டு எடுத்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், ரூம் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மேனேஜர் அவளிடம் நடந்ததைச் சொன்னார். நான் இன்னொரு தடவை செய்து காட்டினேன். அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். மேனேஜர் அவள் எழுதிய தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். எழுதினேன். பச்சை வந்தால் ஓட்டச் சொன்னது யார் என்பதை எழுதலாமா என்று பேனா ஒரு நொடி நின்றது. "அதையும் எழுதுங்க" என்றார் அவரே.

மறுநாள் மேலிருந்து பதில் வந்தது. அவள் வேலைக்கு ஒன்றுமில்லை. எனக்கு அந்த மூன்று மாசம் முதலிலிருந்து ஆரம்பம். அது மறுநாள் விஷயம். அன்றைக்கு, மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வந்ததும், நடைபாதையில் அவளை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கத்தான் நிறுத்தினேன். வாயில் வந்தது வேறு.

"ஏம்மா, செய்யாததைச் செஞ்சேன்னு எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்கண்ணா" என்றாள். "உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க பொய் சொல்லல. அது நல்லா தெரிஞ்சுது. அப்ப நான்தான் பண்ணியிருப்பேன், எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆறு நாளா வீட்ல கேஸை அணைச்சேனான்னு மூணு மூணு தடவை போய்ப் பாக்கறேன். கதவைப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரேன். எங்கம்மா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழறாங்க."

நான் பொய் சொல்லியிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவள் சரி அண்ணா என்று தலையசைத்துவிட்டுத் தன் ரூமுக்குள் போனாள்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ரூமில் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தேன். பழைய ஃபைல்களை, இந்த வருஷம் போட்டதையெல்லாம், ஒவ்வொன்றாகத் திறந்து, கிளாம்ப் வரிகளில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தாளில் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தாள். தாள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் எல்லாம் இருக்குண்ணா."

"அப்புறம் ஏம்மா? வீட்டுக்குக் கிளம்புங்க."

"இருக்கட்டும். பாத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தாள்.